விளக்குக்காரர் சாகாத வழி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, முன்னறைத் திரைச்சீலையைக் கழற்றியது. துவைக்க வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூல் மேல் நின்றேன். அப்பா கீழே. ஒரு கை ஸ்டூலில், ஒரு கையில் டீ டம்ளர்.

கம்பியைத் தூக்கியதும் சீலை முழுவதும் வழுக்கி வந்து என் தலைமேல் விழுந்தது. ஒன்றும் தெரியவில்லை. பச்சை வெளிச்சமும் தூசி வாசனையும்தான். கம்பியின் ஒரு முனை கண்ணாடி அலமாரிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் நினைவில் இருந்தது.

"அப்படியே நில்லு," என்றார் அப்பா. "நான் சொல்றேன். இறக்கு. இறக்கு. இறக்கு. இடது பக்கம் கொஞ்சம். இறக்கு. இறக்கு."

குரல் நின்றது. நானும் நின்றேன். துணிக்கு வெளியே டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா."

"ம்?"

"கை வலிக்குது."

"நின்னுட்டியே. அதைத்தான் பாத்தேன். குரல் நின்னா சுமை நிக்கணும். மறக்கலை நீ." இன்னொரு வாய் குடித்தார். "இறக்கு. இறக்கு. இறக்கு. அவ்வளவுதான். தரை."

ஸ்டூலை எடுத்து வைக்கப் போனேன். தடுத்தார். "போட்டது போட்டாச்சு. பரண் மேல முதல் புக்கு இருக்கும். எடுத்துக் குடு."

"எந்த முதல்?"

எங்கள் வீட்டில் அது நியாயமான கேள்வி. பெரியவன் என்ற ரோபோவின் கதைக்கு ஏகப்பட்ட முதல்கள்.

"கிரேன் கேபின்ல கிடைச்சுதே, அது."

"இப்ப எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை நம்ம தரை வீட்டுக்குப் போறேன். அவனுக்குக் கடைசிப் பாகம் சொல்லணும்."

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே. புக்கு எதுக்கு?"

"எனக்கு வேணும்."

அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டு வாசற்கதவின் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினார். வெள்ளிக்கிழமை காலை ஷூ போட நாற்காலியில் உட்கார்ந்து குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார் மருத்துவர். ஒரு ஷூவின் கயிறு கட்டியிருந்தது. இன்னொன்று கட்டவில்லை. பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா டவர் கிரேன் ஓட்டினார். உயரமான கட்டடங்கள் எழும் இடங்களில் மஞ்சள் நிறத்தில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். கையும் கம்பமும் சேரும் இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடு, தண்ணீர், ஸ்வெட்டர் எல்லாம் முதுகுப் பையில் கூடவே போகும்.

நான் மேலே போனதில்லை. வெளியாட்களை ஏற்ற மாட்டார்கள். எல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான். காற்று அடித்தால் கம்பம் ஆடும். ஆட வேண்டும், ஆடாவிட்டால்தான் பயம். பனிமூட்டம் இறங்கிய காலைகளில் நகரமே இருக்காது. பால் ஊற்றிய மாதிரி வெள்ளை, அதன் மேல் பக்கத்துக் கிரேன்களின் கைகள் மட்டும் மிதக்கும். "கடல் நடுவுல நாலு ஒட்டகச்சிவிங்கி வழி தெரியாம நிக்கற மாதிரி" என்பார். இப்போதும் என் கனவில் உயரம் என்று எது வந்தாலும் அந்த வெள்ளைதான் வருகிறது. கீழே எங்கிருந்தோ சுத்தியல் சத்தம் கேட்கும். யார் தட்டுகிறார்கள் என்று தெரியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் கேபின் இருக்கைக்கு அடியில் ஒரு புத்தகம் கிடைத்தது. அவருக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர் யாரோ விட்டுப் போனது. ஜப்பானியப் படக்கதை. ஓர் எழுத்து தெரியாது. படம் பார்த்தார், நம் புத்தகத்தைப் புரட்டுவது போலவே.

அந்த நாட்டுப் படக்கதைகள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அதுதான் அவர்களுக்கு முதல் பக்கம். அது அப்பாவுக்குத் தெரியாது.

ஆகவே அவர் பார்த்த முதல் பக்கத்தில் ஒரு நகரம் இடிந்து கிடந்தது. கற்குவியலுக்கு அடியில் ஒரு வயதானவர், கண் மூடி, கையில் உடைந்த விளக்கு. அடுத்த பக்கத்தில் குவியல் எழும்புகிறது. கற்கள் பறந்து போய்ச் சுவரில் அதனதன் இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. புகை சுருங்கி ஜன்னலுக்குள் நுழைகிறது. வயதானவர் எழுந்து நிற்கிறார். ஒரு ராட்சத ரோபோ ஒவ்வொரு கட்டடமாகத் தொட்டு நிமிர்த்திக்கொண்டே பின்னால் நடந்து போகிறது. ஓடிய ஜனங்கள் வீடு திரும்புகிறார்கள். கடைசிப் பக்கத்தில் முழு நகரமும் சாயங்கால வெளிச்சத்தில் நிற்கிறது. கொட்டகை வாசலில் அதே வயதானவர் இரண்டு கையிலும் விளக்கைத் தூக்கிப் பிடித்து ரோபோவை உள்ளே வரச் சொல்கிறார்.

அது கட்டட வேலையைப் பற்றிய கதை என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார். "நம்ம வேலையைப் பத்தி ஒருத்தன் புக்கு போட்டிருக்கான் பாரு" என்று கல்யாணமான புதிதில் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அம்மா ஒரு தையல் கடையில் துணிகளைப் பிரித்துச் சரிசெய்கிறவள். வாங்கிப் பார்த்தாளாம். "இவ்வளவு பெரிய ஆளு, சட்டை போடாம நிக்கறானே" என்று திருப்பிக் கொடுத்தாளாம்.

பெரியவன் என்று பெயர் வைத்தது அப்பாதான். நிஜப் பெயர் எங்கள் வாயில் கடைசி வரை நுழையவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது பெரியவன் தொலைக்காட்சிக்கு வந்தான், நம் மொழியில் பேசிக்கொண்டு. முதல் நாளே கட்டடங்களை இடித்தான். அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இவன் ஏன் இடிக்கிறான்?"

"சண்டைப்பா."

"கட்டறவன்தானே இவன்."

படக்கதையின் திசையை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். பக்க எண்கள் பின்னாலிருந்து ஏறுகின்றன என்று காட்டினேன். ரொம்ப நேரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாகம் முடியும்போது விளக்குக்காரர் செத்துவிடுகிறார் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் அந்த மனிதரைச் செத்த நிலையில் சந்தித்து, உயிரோடு விடைகொடுத்தவர்.

அதற்குப் பிறகு பெரியவன் நின்றபாடில்லை. படக்கதை ஒரு பக்கம் வந்துகொண்டே இருந்தது. தொலைக்காட்சித் தொடர் அதே கதைதான், ஆனால் இடிபாட்டு நாளில் விளக்குக்காரருக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்திருந்ததால் பிழைத்தார். பிழைத்து, வேறொரு நாள் வெள்ளத்தில் போனார். பிறகு அந்தத் தொடரைச் சுருக்கி மூன்று சினிமா எடுத்தார்கள். சுருக்கும்போது கொட்டகையை மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், வெள்ளமே இல்லை. மூன்றாவது படத்தில் தீ. பல வருடம் கழித்து வேறு ஆட்கள் ஆரம்பத்திலிருந்து மறுபடி ஒரு தொடர் எடுத்தார்கள். அதில் ரோபோவை ஓட்டுவது பையன் இல்லை, பெண். விளக்குக்காரருக்கு ஒரு பேத்தியும் ஒரு ரகசியமும். சின்னக் குழந்தைகளுக்கு என்று ஒன்று வந்தது, எல்லோருக்கும் தலை பெரிதாக இருக்கும், யாரும் சாக மாட்டார்கள். ஆனால் அதில் விளக்குக்காரர் ஒரு பென்குயின். வீடியோ கேம் ஒன்று. அதில் அவரைக் காப்பாற்றலாம், நகரத்தைக் கைவிட்டால். அப்பா ஒரு தடவை கைவிட்டுப் பார்த்தார். அதன் பிறகு அந்த கேமைத் தொடவில்லை.

எல்லாவற்றையும் அப்பாவும் நானும் சேர்ந்தே பார்த்தோம். அம்மா குறுக்கே போகும்போதெல்லாம் ஏதாவது சொல்வாள்.

"உங்க இரும்பு மாப்பிள்ளை இன்னும் கதையை முடிக்கலையா?"

"முடிச்சுட்டான். திரும்ப ஆரம்பிச்சிருக்கான்."

"வேலை வெட்டி இல்லாதவன்."

அப்பாவின் வேலையிடத்தில் சின்னப் பையன்கள் கேட்பார்கள், எதை முதலில் பார்ப்பது என்று. இணையத்தில் அதற்கு ஆயிரம் பதில் உண்டு. வெளிவந்த வரிசை, கதை நடக்கும் வரிசை, தவிர்க்க வேண்டியவை. அப்பாவுக்கு வரிசை கிடையாது. "உன்னால எதைத் தாங்க முடியாது?" என்று கேட்பார். வெள்ளம் வந்த ஊர்க்காரன் என்றால் சினிமாவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். அப்பா இல்லாதவன் என்றால் புதுத் தொடர் பக்கமே போகாதே என்பார். எனக்கு அது முறையற்றதாகத் தெரிந்தது. நான் லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள். எந்த மாடியில் ஏறினாலும் லிஃப்ட் ஒரே ஒழுங்கில்தான் யோசிக்க வேண்டும்.

தரை மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அவர்தான் சிக்னல்காரர். கிரேன் கொக்கி பல சமயம் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும். மேலே இருப்பவருக்குச் சுமையும் தெரியாது, இடமும் தெரியாது. கீழே நிற்பவர் வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கு, இறக்கு, இறக்கு. விடாமல். குரல் நின்றால், எதனால் நின்றது என்று யோசிக்காமல் மேலே இருப்பவர் சுமையை அந்தரத்தில் நிறுத்திவிட வேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், கால் இடறியிருக்கலாம். மறுபடி குரல் கேட்கும் வரை அசையக் கூடாது. இருவரும் அப்படியே வேலை பார்த்தார்கள், ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது.

வாக்கி-டாக்கியில் அவர் தன்னைத் "தரை" என்பார். அப்பாவை "மேலிடம்".

"மேலிடம், மேலிடம், தரை பேசறேன். கம்பிக்கட்டு வருது."

"வரட்டும்."

"மேலிடத்து உத்தரவு கிடைச்சாச்சு. தூக்குங்கப்பா."

கான்கிரீட் லாரி வரத் தாமதமானால் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது. அப்போதுதான் அப்பா கதை சொல்ல ஆரம்பித்தார். தரை மாமாவுக்குப் படக்கதை படித்துப் பழக்கமில்லை, டிவி முன்னால் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். காதில் கேட்டால் மட்டும் பிடிக்கும். ஒரு நாள் சைட் இன்ஜினியர் அதே அலைவரிசையில் புகுந்தார்.

"கதை முடிஞ்சுதா, பலகையை இறக்கலாமா?"

"முடியலை சார்."

"சரி, இறக்கிக்கிட்டே சொல்லுங்க. அந்த விளக்குக்காரன் என்ன ஆனான்?"

அந்தக் கேள்வி வந்தபோது அப்பா முதல் பாகத்தின் முடிவுக்கு வந்திருந்தார். கொட்டகை இடியப் போகிறது. அப்போது தரை மாமா சொன்னாராம்:

"யோவ் மேலிடம். கீழ நின்னு விளக்குக் காட்டறவன் யாரு? நான்தானே? அவனைக் கொன்னேன்னு வெச்சுக்கோ, நாளைக்கே வேற மேலிடம் பாத்துக்குவேன். சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொன்னது. அப்பா கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல், தரை. வேலைக்கே வரலை" என்றார்.

பிறகு தரை மாமாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. சர்க்கரை. ஒரு நாள் காலையில் அவரே வந்து, எனக்குக் கொக்கி ரெண்டாத் தெரியுது, இனிமே நான் சொல்லி நீ இறக்கக் கூடாது என்று வாக்கி-டாக்கியை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதற்கப்புறமும் சில காலம் வேலை பார்த்தார், வேறு குரலோடு. ஓய்வுக்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் உட்கார்ந்து போனில் கதை சொல்வது வழக்கமானது.

எனக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பா தொடரில் வெள்ளம் வருகிற இடத்தில் இருந்தார். எனக்கு மனப்பாடமான இடம். அணை உடைகிறது, விளக்குக்காரர் கொட்டகையில் தனியாக இருக்கிறார்.

"அப்ப பிடிச்சுது பாரு, மழை," என்றார் அப்பா. "மழைன்னா மழை. எதிர்ல நிக்கறவன் தெரியலை. பெரியவன் நடக்கறான், நடக்கறான், கால் எங்க வைக்கறோம்னே தெரியாம நடக்கறான். தண்ணிக்குள்ள ஊர் விளக்கெல்லாம் எரியற மாதிரி இருக்கு. விடிஞ்சு மழை விட்டுப் பாத்தா, கொட்டகை மலைமேல இருக்கு. வாசல்ல விளக்குக்காரன் நிக்கறான்."

போனை வைத்ததும் போய்க் கேட்டேன். "மலைமேல கொட்டகை சினிமாவுலப்பா. நீங்க சொல்லிட்டிருந்தது தொடர்."

"தெரியும்."

"அந்த மழை எதுலயுமே கிடையாது."

"அதுவும் தெரியும்."

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. "வெட்டு தெரியற இடத்துல ஒரு லேஸ் வெச்சுத் தைக்கச் சொன்னது நான்தான்," என்றாள் அம்மா. "ஒரு கதையிலேருந்து இன்னொரு கதைக்குத் தாவினா பல்லிளிக்குதுன்னு வந்து நின்னாரு. மேல எதையாவது போட்டு மூடுங்கன்னேன். மழையைப் போட்டிருக்காரு."

சில ஞாயிறுகள் கழித்து, அவர் புதுத் தொடருக்கும் தாவிய பிறகு, ஒரு பெரிய தாளில் எல்லாவற்றையும் வரைந்தேன். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு கோடு. விளக்குக்காரர் சாகும் இடத்தில் கறுப்புப் புள்ளி. அப்பா தாவிய இடங்களில் நீலம். பென்குயினை விட்டால், எல்லாக் கோடுகளும் எங்கோ ஒரு கறுப்பில் போய் முட்டின. நீலம் ஒவ்வொன்றும் அதற்குச் சற்று முன்னால், ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு. அப்பாவின் கதை எந்தக் கோடும் இல்லை. அது கோடுகளுக்கு இடையில் போயிற்று.

அப்பாவுக்குத் தாள் ரொம்பப் பிடித்துப் போயிற்று. "ரயில் பாதை மாதிரி இருக்கு. எங்கெங்க வண்டி மாறணும்னு."

"மாமா கண்டுபிடிக்கலையா? பெரியவனை ஓட்டினது பையன். அடுத்த மழைக்கப்புறம் பொண்ணு."

"கேட்டான். இவ்வளவு நாள் ஹெல்மெட் போட்டிருந்துச்சு, கழட்டினப்பதான் பொண்ணுன்னு தெரிஞ்சுதுன்னேன்."

"நம்பினாரா?"

"அவன் வீட்டுலயும் ரெண்டு பொண்ணு. ஒண்ணும் சொல்லலை."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பால்கனிக் கதவருகே உட்கார்ந்து கேட்டேன். நான் பார்த்த எந்தப் பெரியவனையும் விட அப்பாவின் பெரியவன் நீளமாக நடந்தான். ஒரு மழையின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவான். வெளியே வரும்போது ஊர் வேறு, வானத்தின் நிறம் வேறு, கூட வந்தவர்களின் முகம் வேறு. ஓட்டுகிறவளுக்கு மட்டும் லேசாக ஏதோ உறுத்தும், இந்தத் தெருவில் முன்பு ஒரு மரம் இருந்ததே என்று. கொட்டகை வாசலில் இரண்டு விளக்கு ஆடும். அதைப் பார்த்ததும் உறுத்தல் போய்விடும். அவள் காலை எடுத்து உள்ளே வைப்பாள். இறக்கு, இறக்கு, இறக்கு என்பார் விளக்குக்காரர். அந்த வசனமும் எதிலும் கிடையாது.

போன வருடம் கடைசிப் படம் வருவதாகச் செய்தி வந்தது. இத்தோடு எல்லாம் முடிகிறது என்று விளம்பரம் செய்தார்கள். அப்பாவும் நானும் மதியக் காட்சிக்குப் போனோம். அரங்கில் பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். அப்பா ஒருவர்தான் காதில் மப்ளர்.

படம் எல்லாக் கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்தது. படக்கதைப் பெரியவன், தொடர்ப் பெரியவன், சினிமாப் பெரியவன், எல்லோரும் ஒரே கடற்கரைக்கு வந்து சேருகிறார்கள். இருட்டு. கரையில் விளக்குக்காரர் ஒருவர்தான். எல்லா வடிவங்களிலும் அவர் அதே ஒருவர்தான் என்கிறது படம். அவர் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறார். ஒவ்வொரு பெரியவனாக உள்ளே அழைக்கிறார். கடைசியாக ஒருவன் உள்ளே போனதும் கரை இடிகிறது. ஒரு விளக்கு அணைகிறது. பிறகு இன்னொன்று.

பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

"எல்லாக் கோட்டையும் இழுத்து ஒரே முடிச்சாப் போட்டுட்டான்," என்றார்.

"இனிமே தாவ இடமில்லையே அப்பா."

"ம்."

"மாமாவுக்கு என்ன சொல்லுவீங்க?"

வெளியே ஏதோ கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கிரேன் கொக்கியில் ஒன்றுமில்லாமல் காற்றின் போக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். "பாப்போம்," என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். இழுத்தார். பல ஞாயிறுகள் கரைக்கு வந்து சேரவே ஆனது. கடைசி அழைப்பில் விளக்குக்காரரை இரண்டு கையும் மேலே தூக்கிய நிலையில் நிறுத்தி, மீதியை நேரில் வந்து சொல்றேன், உக்காந்து கேக்க வேண்டிய கதை என்றார். போனை வைத்தார். அதற்கு அடுத்த நாள்தான் திரைச்சீலை.

அப்பா இறந்த அன்று தரை மாமா வீட்டுக்கு வந்தார், மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. அப்பாவைக் கிடத்தியிருந்த பக்கம் எது என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

"மேலிடம் மேலிடத்துக்கே போயாச்சு," என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அழாதவள், சிரித்த பிறகுதான் அழுதாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். அப்பாவின் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"பாப்பா, நான்தான். கேக்கக் கூடாது. வீட்டுல இருக்கற நிலைமையில இதைக் கேக்கறது தப்பு."

"சொல்லுங்க மாமா."

"குரல் நின்னுடுச்சு. சரி, சுமை நிக்குது. அது முறை. ஆனா எவ்வளவு நாள் அந்தரத்துல நிக்கறது? யாராவது இறக்கணும்ல?"

அம்மா மெஷினில் இருந்தாள். தலை தூக்காமல், "ஆணியில பை மாட்டியிருக்கு, எடுத்துட்டுப் போ," என்றாள்.

பேருந்தில் புத்தகத்தைத் திறந்தேன். அப்பா திறந்தது போல, நம் புத்தகத்தைத் திறப்பது போல. எனக்குத் திசை தெரிந்த நாளிலிருந்து அதை அப்படிப் பார்த்ததே இல்லை. இடிபாடு. உடைந்த விளக்கு. அடுத்த பக்கம் எழும்பும் கற்கள். என் தாளில் இந்தக் கோடு இல்லை. இது யாரும் வெளியிட்ட வடிவம் இல்லை. ஒரு கேபினில், ஒருவர் மட்டும், தப்பாகப் படித்தது. கறுப்புப் புள்ளியில் முடியாமல் கறுப்புப் புள்ளியில் தொடங்குகிற கோடு இது ஒன்றுதான்.

அப்பா இதைத்தான் சொல்ல நினைத்தாரா, உறுதியாகத் தெரியாது. பையில் வேறு எதுவும் இல்லை.

தரை மாமாவின் அறை முதல் மாடியில், தெருவைப் பார்த்து. ஜன்னல் திறந்திருந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு. எனக்கு ஒரு நாற்காலி எதிரே போட்டிருந்தது. அது அப்பாவுக்குப் போட்டது என்று தோன்றியது.

"எங்க நிக்குது, தெரியுமா?" என்றார்.

"கரையில மாமா. ரெண்டு விளக்கும் மேல."

"கை வலிக்கும் பாவம், இத்தனை நாளா." என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஒண்ணு கேக்கறேன். மழை வருமா?"

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன்.

"உங்கப்பன் கதையில மழை பிடிச்சா யாரோ பொழைக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியும்மா. எப்பவோ தெரியும். கேட்டதில்லை. இடையில நான் பேசினா அவன் குரல் நின்னுடுமேன்னு விட்டுட்டேன்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"மழை வராது மாமா," என்றேன். "இந்தத் தடவை மழை இல்லை."

தலையை ஆட்டினார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"எல்லாரையும் உள்ள அனுப்பிட்டாரு. கரை இடியுது. ஒரு விளக்கு அணையுது. அப்புறம் இன்னொண்ணு." புத்தகத்தை மடியில் விரித்தேன். "இப்ப கல்லெல்லாம் குவிஞ்சு கிடக்கு. அடியில அவர் இருக்காரு. கண்ணு மூடியிருக்கு. கையில விளக்கு, உடைஞ்சது. ஷூ..."

படத்தில் ஷூ இல்லை. என் குரல் நின்றது.

அவர் காத்திருந்தார். ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. பிறகு, வாக்கி-டாக்கியில் பேசுகிற மாதிரி, முகத்தைச் சற்றே மேலே உயர்த்தி, அவசரமில்லாமல் சொன்னார்.

"இறக்கு. இறக்கு. இறக்கு."

பக்கத்தைத் திருப்பினேன், நம் புத்தகத்தைத் திருப்புவது போல.